சொல்யூஷன் காயும் நேரம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். தெருவுக்கு அவர் காத்தண்ணன். பஸ் டிப்போவுக்குப் போகிற சாலையின் வளைவில், தகரக் கூரை போட்ட பஞ்சர் கடை அவருடையது. சைக்கிளில் ஆரம்பித்து லாரி வரைக்கும் எந்தச் சக்கரம் உருண்டாலும், ஒரு நாள் அவர் முன்னால் வந்து படுத்தே ஆக வேண்டும். காற்று அடிப்பதால் வந்த பெயர் என்று அவர் சொல்வார். வாயைத் திறந்தால் மூடத் தெரியாததால் வந்தது என்று அவருடைய மனைவி சொல்வாள். இரண்டிலும் உண்மை இருந்தது.

கடையில் கடிகாரம் கிடையாது. பஞ்சர் ஒட்டுகிற வேலையில் எல்லாமே கைவேகம்தான், ஒரே ஒரு இடத்தைத் தவிர. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் என்கிற பசையைத் தடவியதும் உடனே ரப்பர் பேட்சை வைத்துவிடக் கூடாது. தடவினது காய வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பார்வைக்கு ஒட்டின மாதிரியே இருக்கும், அடுத்த தெருவைத் தாண்டுவதற்குள் பல்லை இளித்துவிடும். அந்தக் காய்கிற நேரத்தைக் காத்தண்ணன் சிகரெட்டால் அளந்தார். தடவி வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் ஒன்றைப் பற்றவைப்பார். சொல்யூஷன் குப்பென்று பற்றிக்கொள்கிற சரக்கு என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. சிகரெட் தீர்ந்ததும் வந்து பேட்ச் வைப்பார், அது மாட்டுத்தோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். வியாபாரம் அமோகமாக நடக்கிற நாட்களில் இருமலும் அமோகமாக நடக்கும்.

யாராவது வண்டிக்காரர் அவசரப்படுத்தினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"ஈரத்துல ஒட்ட மாட்டேன். அவ்வளவு அவசரம்னா தள்ளிக்கிட்டே போங்க!"

போலீஸ்காரர் வண்டிக்கும் இதே பதில்தான். அப்படிப்பட்ட மனுஷர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அடுத்தவருடைய அவசரத்துக்குத் தலையாட்டினார். அதற்கு விலையாகத்தான் காலைக் கொடுத்தார்.

அது ஒரு லாரிச் சக்கரம். லாரி டயரை இரும்பு வளையம் ஒன்று விளிம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அது சரியாக உட்காராமல் காற்று ஏறிவிட்டால் பீரங்கிக் குண்டு கணக்காகப் பறக்கும். அதனால்தான் காற்று அடிக்கும் முன் சக்கரத்தின் குறுக்கே ஒரு கடப்பாரையைச் செருகி வைப்பது வழக்கம். அன்றைக்கு டிரைவர் தலைக்கு மேல் நின்று "அண்ணே, சரக்கு நாறிடும்ணே, சீக்கிரம்ணே" என்று காதைத் தின்றுகொண்டிருந்தார். கடப்பாரை கைக்கெட்டாத தூரத்தில் கிடந்தது. ஒரு தடவைதானே என்று காத்தண்ணன் காற்றைத் திறந்துவிட்டார். வளையம் கிளம்பிச் சுவரில் மோதித் திரும்பி, அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே இறங்கியது. உயிர் தப்பியதே பெரிய விஷயம் என்றார்கள் பார்த்தவர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். தையல் பிரித்தார்கள். ஊன்றுகோல் கொடுத்தார்கள். மாதங்கள் போயின. கால்வலி மட்டும் போகவில்லை. கீழே வைத்தால் கணுக்கால் வரைக்கும் சுரீர் என்றது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததில் சிகரெட்டுக்குப் பஞ்சரும் தேவைப்படாமல் போய்விட்டது. காரணமே இல்லாமல் பற்றவைத்தார்.

எலும்பு டாக்டர் ஒரு குள்ளமான அம்மா. பேச்சில் வழவழா கிடையாது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் கறுப்புக் கோடு தெரியுதா? இந்நேரம் இது மறைஞ்சிருக்கணும். எலும்பு சேரல. நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?"

"எப்பவாவது டாக்டர்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமலில் ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் என்கிற கணக்கு முழுவதும் இருந்தது. டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

"கம்பியை மாத்தி, இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து இங்க வைக்கணும். பண்ணா சேர நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா இப்பப் பண்ண மாட்டேன்."

"ஏன் டாக்டர்?"

"ஒடிஞ்ச இடத்துக்கு ரத்தம் வந்தாத்தான் புது எலும்பு வளரும். புகையிலையில இருக்கிற நிக்கோட்டின் சின்னச் சின்ன ரத்தக் குழாயை எல்லாம் சுருக்கிடுது. புகை, ரத்தத்துல பிராணவாயுவையும் குறைச்சிடுது. எலும்பும் மெதுவா சேரும், புண்ணும் மெதுவா ஆறும், சீழ் பிடிக்கிற ஆபத்தும் ஜாஸ்தி. முதல்ல பண்ணது அவசர ஆபரேஷன், அப்ப நான் எதுவும் கேட்கல. இது திட்டம் போட்டுப் பண்றது. ஆறு வாரம் புகையிலையை எந்த ரூபத்துலயும் தொடக்கூடாது. சிறுநீர் டெஸ்ட் எடுப்பேன். சுத்தமா இருந்தாத்தான் தேதி கொடுப்பேன். அதுக்கப்புறமும் எலும்பு சேர்ற வரைக்கும் தொடக்கூடாது."

"எங்கப்பா சாகுற வரைக்கும் பிடிச்சாரு டாக்டர். அவருக்குக் கை ஒடிஞ்சு ஜம்முனு சேர்ந்துச்சே!"

"சிலருக்குச் சேரும். உங்களுக்குச் சேரல. படத்துல நீங்களே பார்த்தீங்க."

இதற்கு மேல் என்ன பேச? காத்தண்ணன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும்தான் காற்று திரும்பியது. வண்டியில் ஏறி வீடு வரும் வரைக்கும் பொரிந்து தள்ளினார். காசுக்கு ஆபரேஷன் பண்ணுகிறவர்கள் இப்படியா கேட்பார்கள், நோயாளி என்றால் இளக்காரம், கால் என்னுடையது வாய் என்னுடையது, இவர் யார் நடுவில்? மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஈரமா இருக்கிற டியூப்ல நீங்க ஒட்டுவீங்களா?"

"அதெப்படி..." என்று ஆரம்பித்தவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். அவர் வாய் அடைத்து நின்றதை அவள் கல்யாணமான புதிதில் ஒரு தடவை பார்த்ததாக ஞாபகம்.

அன்றைக்கே விட்டார். சும்மா சொல்லக் கூடாது, சிகரெட்டை நிஜமாகவே விட்டார். டாக்டர் கொடுத்த, ஆசையைக் குறைக்கிற மாத்திரையை வேளை தவறாமல் போட்டார். எரிந்து விழுந்தார், தூக்கம் வராமல் புரண்டார், பக்கத்து வீட்டு அழைப்பு மணி அடித்தால்கூடச் சண்டைக்குப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினார். இவர் படும் பாட்டைப் பார்த்து மனம் இளகியவன் அவருடைய மைத்துனன். பஞ்சர் கடையை ஒட்டிப் பெட்டிக்கடை வைத்திருந்தான். அக்காள் புருஷன் மேல் அவனுக்கு உயிர். அந்தப் பாசம்தான் வினையாயிற்று.

"மாமா, இதப் பாருங்க," என்று கடையில் சரமாகத் தொங்கிய புகையிலைப் பொட்டலத்தில் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தான். "உதட்டுக்குள்ள அடக்கிக்கிட்டாப் போதும். புகையே கிடையாது. புகை இல்லன்னா என்ன பண்ணிடும்?"

எந்த ரூபத்திலும் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். டாக்டர்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று காத்தண்ணன் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஆனால் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் தெருக்குழாயில் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுத்தான் நுழைவார். தப்பு என்று தெரியாதவர் எதற்குக் கொப்பளிக்க வேண்டும்? அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

டெஸ்டுக்குப் போன அன்று டாக்டர் கேட்டார். "விட்டாச்சா?"

அவர் வாயைத் திறக்கும் முன் மனைவி முந்திக்கொண்டாள். "தொடவே இல்ல டாக்டர். நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். பாவம், ராவெல்லாம் தூங்காம எவ்வளவு கஷ்டப்பட்டாரு தெரியுமா!"  காத்தண்ணன் எழுந்து டெஸ்டுக்கான குப்பியை வாங்கிக்கொண்டு போனார்.

முடிவு வந்தது. டாக்டர் திட்டவில்லை. தாளை மேஜைமேல் வைத்து, "உடம்புல நிக்கோட்டின் நிறைய இருக்கு. இன்னும் ஆறு வாரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் கூச்சத்தோடு பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாத ஆளுக்குச் சாட்சி சொல்லி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள்.  வீட்டுக்கு வந்ததும் அவர் பையில் மிச்சமிருந்த பொட்டலங்களை எடுத்து, அவள் ஊருக்குத் துணி தைத்துக் கொடுக்கிற தையல் மிஷின்மேல் வைத்தார்.

"உன்னைப் பொய்க்காரியாக்கிட்டேன்," என்றார்.

"ஆமா," என்றாள். அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று யாராவது நினைக்கலாம். சொல்லாததுதான் அவரைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

பெட்டிக்கடை மைத்துனனுக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து அவன் மாமா கடைப்பக்கம் வந்தாலே புகையிலைச் சரத்தின்மேல் துண்டைப் போட்டு மூடினான். "துண்டுக்குள்ள என்னன்னு எனக்குத் தெரியாதாடா?" என்பார் இவர். "தெரியும் மாமா. ஆனா அக்கா பார்த்தா துண்டு என் கழுத்துக்கு வந்துடும்," என்பான்.

வீட்டில் முடங்கிக் கிடந்தால் ஆசை தலைக்கேறுகிறது என்று காத்தண்ணன் கடைக்குத் திரும்பினார். காலை ஒரு டயர்மேல் நீட்டி வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சைக்கிள், ஸ்கூட்டர் வேலைகளை எடுத்தார். மைத்துனன் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் கொடுத்தான். அங்கேதான் யாரும் எதிர்பாராத கூத்து நடந்தது. காத்தண்ணன் ஒட்டிய பஞ்சர் ஒழுக ஆரம்பித்தது. காலையில் ஒட்டிக்கொண்டு போன ஸ்கூட்டர்காரர் மதியமே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஒரு சைக்கிள். காத்தண்ணன் கையால் ஒட்டினது ஒழுகுவதா என்று தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

காரணம் அவருக்கு மட்டும் தெரியும். சொல்யூஷன் தடவியதும் கால் தன்னால் நாலடி தள்ளிப் போகப் பார்க்கும், கை சட்டைப்பையைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு அந்த நேரத்தைக் கடக்க அவருக்குத் தெரியவில்லை. காய்ந்திருக்கும் காய்ந்திருக்கும் என்று அவசரப்பட்டுப் பேட்சை வைத்துவிடுவார். ஊருக்கெல்லாம் ஈரத்தில் ஒட்ட மாட்டேன் என்றவர் தினமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சிகரெட் இல்லாம எனக்குத் தொழிலே வராது போலிருக்கு," என்று அன்று மனைவியிடம் உடைந்து போய்ச் சொன்னார். "கையில ஒண்ணும் இல்லாம எப்படி நிக்கிறது?"

மறுநாள் காலையில் அவள் தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்கே வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். வெள்ளைச் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. முதல் டியூபில் அவர் சொல்யூஷன் தடவி முடித்ததும் ஒரு சட்டையையும் ஊசிநூலையும் அவர் மடியில் போட்டாள்.

"பட்டன் தைங்க."

"நானா? இந்தக் கையாலயா?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தைங்க. கறை பட்டுச்சு, அப்புறம் இருக்கு."

லாரி டயரைப் புரட்டுகிற விரல்களுக்குள் ஊசி காணாமல் போனது. முதல் சட்டையில் கட்டைவிரல் கறை பட்டு ஏகப்பட்ட வசவு கிடைத்தது. இரண்டாவது சட்டையைத் தன் வேட்டி நுனியோடு சேர்த்துத் தைத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் தவித்தார். ஸ்கூட்டர்காரர் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கீழே விழுந்தது. ஆனாலும் மூன்று பட்டன் தைத்து முடித்து நிமிர்ந்தபோது சொல்யூஷன் பதமாகக் காய்ந்திருந்தது. பேட்சை வைத்து அழுத்தினார். டியூபைத் தொட்டியில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

பிறகென்ன, கடைக்கு ஒரு கடிகாரம் கிடைத்துவிட்டது. "எவ்வளவு நேரம் ஆகும்ணே?" என்று யார் கேட்டாலும், "மூணு பட்டன் ஆகும், உட்காருங்க" என்றார். ஆசை அலையடித்து வரும்போது பட்டன் கொஞ்சம் கோணலாகும். தணிந்ததும் நேராகும். மனைவி சட்டையைக் கையில் வாங்கியதுமே அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வாள். ஒன்றும் கேட்காமல் கோணலை மட்டும் பிரித்துத் தைப்பாள்.

பெரிய சோதனை பிரியத்தின் வடிவத்தில் வந்தது. அந்த லாரி டிரைவர், காதைத் தின்றவர், கால் இன்னும் சேரவில்லை என்று தெரிந்து பார்க்க வந்தார். ஊன்றுகோலைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு. "என்னாலதான்ணே எல்லாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டுச் சிகரெட் பாக்கெட் ஒன்றை மடியில் வைத்தார். தங்கக் காகிதம் பளபளத்தது. காத்தண்ணன் அதை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். ஊசி நின்றது, தையல் மிஷின் நின்றது, பக்கத்துக் கடையில் மைத்துனன் மூச்சை நிறுத்திவிட்டான். ஒன்று, ஒன்றே ஒன்று என்றது உள்ளே இருந்த குரல். அதே குரல்தான் கடப்பாரை விஷயத்திலும் பேசியது. ஒரு தடவைதானே என்று.

அவர் கையை நீட்டிப் பாக்கெட்டை அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கினார். குபுகுபுவென்று குமிழி வந்தது.

"ஐயோ, வெளிநாட்டுச் சரக்கு மாமா!" என்று அலறினான் மைத்துனன்.

"ஓட்டை இருக்குடா இதுல. பாரு, எவ்வளவு காத்து வருது," என்றார் காத்தண்ணன்.  அன்றைக்குத் தைத்த பட்டன்கள் அத்தனையும் கோணல். மனைவி ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

அடுத்த டெஸ்டுக்குப் போனபோது டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். காத்தண்ணன் மனைவியைப் பார்த்தார். அவள் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் டாக்டர். டெஸ்ட் சொல்லட்டும்," என்றாள்.

டெஸ்ட் சொன்னது. துளிகூட இல்லை. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவி எழுந்து வெளியே போனாள். அவர் ஊன்றுகோலைத் தட்டித் தட்டிப் பின்னால் போய்ப் பார்த்தால், நடைபாதைக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "கண்ணுல தூசி," என்றாள். ஆஸ்பத்திரி நடைபாதையை அப்போதுதான் துடைத்துவிட்டிருந்தார்கள்.  காத்தண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. இடுப்பில் எடுத்த இடம்தான் காலைவிட அதிகமாக வலித்தது. அதற்கப்புறம் காத்திருப்பு. ஒட்டினதைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது, தொட்டியில் முக்கிப் பார்க்கவும் முடியாது. எலும்பு தன் பாட்டுக்குத் தோலுக்குள்ளே வேலை பார்க்க, இவர் வெளியே சட்டை சட்டையாகப் பட்டன் தைத்தார். இருமல் சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. சாப்பாட்டில் உப்புக் கூடினால் முதல் வாயிலேயே கண்டுபிடித்தார். இது வீட்டில் அவ்வளவாக வரவேற்கப்படவில்லை.

அடுத்தடுத்த படங்களில் கறுப்புக் கோடு மங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் டாக்டர் படத்தை மாட்டிவிட்டு வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார்.

"ஒட்டிடுச்சா டாக்டர்?"

"நல்லா ஒட்டிட்டு வருது. ஊன்றுகோலை விடலாம். ஆனா டயர்மேல எல்லாம் ஏறக்கூடாது, நான் சொல்ற வரைக்கும்."

"அவசரமே இல்ல டாக்டர்," என்றார் காத்தண்ணன். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

டயர்மேல் ஏறலாம் என்று டாக்டர் சொல்ல இன்னும் பல மாதம் ஆயிற்று. சொன்ன மறுநாள் கடைக்கு ஒரு லாரிச் சக்கரம் வந்தது. டயரை விளிம்பிலிருந்து பெயர்க்க, அதன்மேல் ஏறி நின்று குதிகாலால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். அப்போதுதான் டப்பென்று விடும். கால் ஒடிந்ததிலிருந்து அந்தச் சத்தத்தை அவர் தன் காலால் கேட்டதில்லை. இடது காலை வைத்து மேலே ஏறினார். வலது காலைத் தூக்கினார். தூக்கியபடியே கொஞ்சம் நின்றார். பயம்தான், வேறென்ன. பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மிதித்தார்.

டப்.

தையல் மிஷின் நின்றது.

"கேட்டுச்சா?" என்றார் திரும்பாமலே. திரும்பினால் கண்ணில் தூசி என்று அவரும் சொல்ல வேண்டியிருக்கும்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. மெதுவா இறங்குங்க."

இறங்கினார். வளையத்தைக் கழற்றி டியூபை உருவி, ஓட்டையைக் கண்டுபிடித்துத் தேய்த்து, சொல்யூஷன் தடவினார். திரும்பக் காற்று அடிக்கும்போது வேண்டியிருக்கும் என்று கடப்பாரையை இப்போதே எடுத்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். லாரி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "எவ்வளவு நேரம் ஆகும்ணே? சரக்கு ஏத்தணும்," என்றார்.

பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தன. மனைவி தைத்துக்கொண்டிருந்தது ஏதோ கல்யாண வீட்டுக்கான ரவிக்கை, அதற்குப் பட்டனே கிடையாது. காத்தண்ணன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். வெறும் கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"மூணு பட்டன் ஆகும் தம்பி," என்றார். "இப்படி உட்காருங்க."